வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்தக் கேமரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும், ஜப்பானுக்கும், ஐரோப்பாவுக்கும் கிளம்பும் குடும்பங்கள் புறப்படுமுன் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கையிலிருக்கும் கைப்பேசியே போதாதா?

பலருக்குப் போதும். பகல் வெளிச்சம், குடும்பப் படம், சாப்பாடு, அகலமான காட்சி இவற்றுக்கு நல்ல கைப்பேசி ஒன்று இருந்தால் தனிக் கேமரா தேவையில்லை. கைப்பேசி தடுமாறுவது மூன்று இடங்களில்: தூரத்தில் இருப்பது, இருட்டில் அசைவது, சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக அச்சிடுவது.

காரணம், ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் பரப்பு. விலை உயர்ந்த கைப்பேசியின் முதன்மைச் சென்சார் ஏறக்குறைய 70 சதுர மி.மீ. தூரத்தை நெருக்கிக் காட்டும் அதன் டெலி லென்ஸுக்குப் பின்னால் இருப்பது அதைவிடச் சிறியது. ‘ஒன் இன்ச்’ காம்பேக்ட் கேமராவின் சென்சார் 13.2க்கு 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 367. பழைய 35 மி.மீ. பிலிம் அளவிலான ஃபுல் ஃபிரேம் 864. பரப்பு கூடினால் ஒளி கூடுதலாகச் சேரும், இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறையும்.

கைப்பேசியின் இரவு முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அசையாத கோபுரம் அதில் அழகாக வரும். ஊர்வலத்தில் ஆடி வரும் காவடியும் ஓடும் குழந்தையும் கலங்கித்தான் வரும். இந்த மூன்று தேவையும் உங்களுக்கு இல்லையென்றால் கேமராவுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பவர் பேங்கும் கூடுதல் சேமிப்பிடமும் வாங்குவது மேல்.

கேமரா வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) முதலில் பார்ப்பதா, லென்ஸையா?

லென்ஸை. கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது மெகாபிக்சல். பயணத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய கணக்கு. பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: மிக அருகில் நின்று எடுக்க வேண்டிய பெரிய பொருள் எது? மிகத் தூரத்தில் இருக்கும் சிறிய பொருள் எது? வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும் இடம் எது?

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். விமானம் 216 அடி, அதாவது 65 மீட்டர் அளவு என்று சொல்லப்படுகிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மேலே சாய்க்காமல் நேராக வைத்து முழு உயரத்தையும் அடக்க வேண்டும் என்றால், 27 மி.மீ.க்கு நிகரான (ஃபுல் ஃபிரேம் கணக்கில் சொல்லும் அளவு, எண் குறையக் குறையப் பார்வை அகலும்) லென்ஸுக்கு ஏறக்குறைய 100 மீட்டர் பின்னால் போக வேண்டும். 16 மி.மீ.க்கு நிகரான லென்ஸ் என்றால் 60 மீட்டர் போதும். பின்னால் போக இடமில்லாமல் கேமராவை அண்ணாந்து பிடித்தால், விமானம் பின்புறமாகச் சாய்வது போலப் படம் வரும்.

சுற்றுலாவுக்கு 24 முதல் 28 வரை தொடங்கி 150 முதல் 200 மி.மீ. நிகர் வரை போகும் ஒரே ஜூம் லென்ஸ் பத்தில் எட்டுப் படங்களுக்குப் போதும் என்பது எங்கள் கருத்து. இரண்டாவது லென்ஸ் எடுத்துக்கொள்வதானால் அது இருட்டுக்கான லென்ஸாக இருக்கட்டும்: எஃப் 1.8 திறப்புள்ள சிறிய பிரைம், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ். எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 400 மி.மீ. பெரிய லென்ஸ் பறவையும் விலங்கும் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

சரி, மாடல் பெயர்களைச் சொல்லுங்கள்.

சட்டைப்பைக்குள் போக வேண்டும், ஜூமும் வேண்டும் என்றால் சோனி ஆர்எக்ஸ்100 செவன். 302 கிராம், 24 முதல் 200 மி.மீ. நிகர். ஒரு பேட்டரிக்கு ஏறக்குறைய 260 படம்தான் வரும், ஆகவே கூடுதல் பேட்டரி இரண்டு கட்டாயம்.

தெருவில் நடந்துகொண்டே எடுப்பவருக்கு ரிகோ ஜிஆர் வரிசை. 260 கிராம் அளவு, ஏபிஎஸ்-சி சென்சார், ஆனால் ஜூம் கிடையாது. 28 மி.மீ. ஒரே பார்வைதான், எக்ஸ் என்ற எழுத்துடன் வரும் ஜிஆர் திரீ எக்ஸ் மாடலில் 40. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் அமைப்பில் தூசி தடுப்பு இல்லாததால் சென்சாரில் தூசி படிவது இதன் தெரிந்த குறை. மணற்பாங்கான இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

லென்ஸ் மாற்றும் வசதி வேண்டுவோர், முதல் முறை வாங்குவோர் என்றால் கேனான் இஓஎஸ் ஆர்50 பாடியும் 18–150 லென்ஸும். 375ம் 310ம் சேர்ந்து 685 கிராம். 29 முதல் 240 மி.மீ. நிகர். பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். இருட்டு அதிகம் என்றால் சோனி ஏ6700 பாடியுடன் சிக்மா 18–50 எஃப் 2.8: 493ம் 290ம், மொத்தம் 783 கிராம். பாடியிலேயே நடுக்கத் தடுப்பு இருப்பதால் கையில் பிடித்தே மெதுவான ஷட்டரில் எடுக்கலாம். மழை, பனி, மலை என்று போகிறவர்கள் ஓஎம்-5ஐப் பாருங்கள். 414 கிராம், ஐபி53 தரத் தூசி-நீர்த் தடுப்பு. தடுப்பு உள்ள லென்ஸைப் பொருத்தினால்தான் அந்தத் தடுப்பு முழுமையாகும்.

படத்தைவிட வீடியோதான் முக்கியம் என்றால் டிஜேஐ ஓஸ்மோ பாக்கெட் 3. 179 கிராம். நடந்துகொண்டே எடுத்தாலும் காட்சி ஆடாது.

ஃபுல் ஃபிரேம் வாங்கினால் இன்னும் நல்லதுதானே?

படத்துக்கு நல்லது. தோளுக்கு அல்ல. பாடி சிறியதாக இருந்தாலும் அதற்கான நல்ல ஜூம் லென்ஸ்கள் பெரியவை. இரண்டு லென்ஸ் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். மூன்றாம் நாளில் ஹோட்டல் அறையிலேயே கிடக்கும் கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஏர்ஏசியாவில் 7 கிலோதானே? கேமராவை எப்படிக் கொண்டு போவது?

இரண்டு பைகள் சேர்ந்து 7 கிலோ. கேமரா, லென்ஸ், பேட்டரி எல்லாம் உங்களோடு மேலே வரும் பையில்தான் இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. கேமராவைச் சிறு தோள்பையில் போட்டு, அதையும் பெரிய பையையும் சேர்த்து வீட்டிலேயே தராசில் நிறுத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது பை கனத்துவிடும். 500 கிராமாவது மிச்சம் வைத்துப் புறப்படுங்கள்.

கூடுதல் பேட்டரி, பவர் பேங்க் எத்தனை கொண்டு போகலாம்?

தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை முன் அனுமதி தேவையில்லை, எத்தனை என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை, அதுவும் இரண்டுதான். கணக்கு எளிது: பவர் பேங்கின் மில்லி ஆம்பியர்-அவரை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்று எழுதியிருக்கும் பவர் பேங்க் 74 வாட்-அவர். கேமரா பேட்டரி அதற்கு மிகக் கீழே. சோனி ஏ6700இன் பேட்டரி 16.4 மட்டுமே.

உலோக முனைகள் சாவியிலோ சில்லறையிலோ பட்டால் ஷார்ட் ஆகும். பேட்டரியோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொலைந்துவிட்டால் முனைமேல் டேப் ஒட்டுங்கள். பல விமானங்களில் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்த இப்போது விடுவதில்லை. அதனால் புறப்படுமுன்பே கேமராவை முழுதாக சார்ஜ் செய்துவிடுங்கள்.

குளிர்நாட்டில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பேட்டரியை உள்சட்டைப் பையில் பத்து நிமிடம் வைத்திருந்தால் மீண்டும் கொஞ்சம் வேலை செய்யும்.

நம் ஊர் மூன்று முள் பிளக் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பொருந்தாது. சார்ஜரின் அடியில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அடாப்டர் மட்டும் போதும்.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறோம். உள்ளே படம் எடுக்க விடுவார்களா?

முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் கேமராவே தேர்வு செய்ய வேண்டும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவும் இல்லை, கைப்பேசியும் இல்லை. தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் வெளிப்பிராகாரத்தில் எடுக்கலாம், கருவறைப் பக்கம் கூடாது.

நாளுக்கு மூன்று கோயில் என்று போகும் பயணத்தில் கேமரா பாதி நேரம் வாசலில் லாக்கரிலோ பஸ்ஸிலோதான் இருக்கும். ஆகவே விலை உயர்ந்த பெரிய கேமராவோடு போனால் தரிசனத்தில் மனம் நிற்காது, பையில்தான் நிற்கும். சிறியது ஒன்று போதும். குடும்பத்தில் ஒருவர் பைகளோடு வெளியே இருந்து, மற்றவர் வந்தபின் உள்ளே போவது இன்னும் நல்ல ஏற்பாடு. லாக்கரில் வைக்க வேண்டியிருந்தால் மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைவிட அதிலுள்ள படம் பெரியது.

ஆக்ராவுக்கும் போவதாக இருந்தால்: தாஜ்மகாலில் டிரைபாட் கூடாது, உள்ளே கல்லறை மண்டபத்தில் படம் எடுக்கக் கூடாது. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2022 பிப்ரவரி முதல் இந்தியாவுக்குள் டிரோன் இறக்குமதிக்குத் தடை உண்டு.

ஜப்பானில் எடுத்த உள்ளரங்கப் படங்களில் பட்டை பட்டையாக வருகிறதே?

விளக்கின் துடிப்பு அது. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஜப்பானில் நாடே இரண்டாகப் பிரிந்திருக்கிறது: தோக்கியோ பக்கம் 50, ஒசாகா, கியோட்டோ பக்கம் 60. தோக்கியோவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். ஒசாகாவில் 1/60 அல்லது 1/120. தைவானிலும் கொரியாவிலும் 60தான். எலெக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை அதிகம் விழும். கடைத்தெரு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். பல கேமராக்களில் ‘ஆன்ட்டி-ஃபிளிக்கர்’ என்ற அமைப்பே இருக்கிறது, வீட்டிலேயே அதைத் தேடி வையுங்கள்.

கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படம் எடுப்பது தடை. 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

அங்கேயே வரியில்லாமல் வாங்கிவிடலாமா?

ஜப்பானில் விற்கும் சோனி பாடிகள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், பின்னால் மாற்றவும் முடியாது. பெட்டியைத் திறந்து மொழிப் பட்டியலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்றும் கேளுங்கள். எப்படியும், பயணத்தின் முதல் நாளில் புதுக் கேமரா வாங்கி அந்தப் பயணத்தையே அதில் எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம்.

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ஒரே மாடலுக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். ஏன்?

குறைந்த விலை பெரும்பாலும் ‘ஏபி செட்’. கடைக்காரரே வெளியிலிருந்து தருவித்தது. பழுதானால் கடையின் உத்தரவாதம்தான், நிறுவனத்தின் மலேசியச் சேவை மையம் ஏற்காது. கடை நம்பிக்கையானது என்றால் தவறில்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு சோதனை போதும்: திறப்பை முழுதாக விரித்து, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் ஓடினால் அது பூஞ்சை. விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

பூஞ்சை எதனால் வருகிறது? பயணத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஈரம், இருட்டு, காற்றோட்டமின்மை. தோல் பையில் போட்டு அலமாரிக்குள் பூட்டி வைக்கும் கேமராவுக்கு நம் ஊரில் இந்த மூன்றும் கிடைக்கும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் டிரை பாக்ஸில் வைப்பதே தீர்வு. மின்சார டிரை பாக்ஸ் வாங்க வசதியில்லையென்றால், காற்றுப்புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல், ஒரு சிறு ஈரமானி போதும். நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் வாங்கினால், ஈரம் நிரம்பியதும் கண்ணுக்குத் தெரியும்.

பயணத்தில் ஈரம் ஏறுவது பெரும்பாலும் ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வரும்போது. 20 டிகிரி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடி, சென்னையின் காலைக் காற்றைத் தொட்டதும் வியர்க்கும். துணியால் துடைத்தாலும் மறுபடி பனிக்கும். அவசரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சார் மேலேயே படியும். இப்படிச் செய்யுங்கள்: கேமராவை ஜிப் போட்ட பையில் வைத்து, கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் குளியலறையிலோ, பால்கனியிலோ வைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல், வெளி வெப்பத்துக்குக் கேமரா தானாகவே வரட்டும். பனி நாட்டில் இதற்கு நேர்மாறு: வெளியே இருக்கும்போதே ஜிப் பைக்குள் போட்டு மூடி, ஹோட்டலுக்குள் வந்து ஒரு மணி நேரமாவது கழித்துத் திறக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் ஒருநாள் டிரை பாக்ஸில் வைத்துவிட்டுப் பிறகு பையைச் சுத்தம் செய்யுங்கள்.

மெமரி கார்டு எவ்வளவு பெரியது வேண்டும்?

ஒரே பெரிய கார்டைவிட 64 ஜிபி கார்டுகள் இரண்டு மூன்று மேல். 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி போகும். 64 ஜிபியில் ஏறக்குறைய 85 நிமிடம். கார்டில் வி30 குறி இருக்கிறதா பாருங்கள், அது விநாடிக்கு 30 எம்பி எழுதும் உறுதி.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கார்டுகளில் போலி உண்டு. வெளியே 256 என்று இருக்கும், உள்ளே உண்மையில் 32தான். அதைத் தாண்டியதும் புதுப் படம் பழையதை அழிக்கும். கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று கேமரா சொன்னால் பதற வேண்டாம்: கார்டின் ஓரத்தில் உள்ள சிறு விசை கீழே தள்ளப்பட்டிருக்கும், மேலே தள்ளினால் சரி.

ஒவ்வொரு இரவும் கைப்பேசிக்கோ சிறு எஸ்எஸ்டிக்கோ ஒரு பிரதி எடுங்கள். அந்தப் பிரதி கேமரா பையில் இருக்கக் கூடாது, வேறொருவர் பையில் இருக்க வேண்டும்.

புறப்படுமுன் எவ்வளவு நாள் பழக வேண்டும்? எங்கே?

மூன்று வாரம், குறைந்தது 300 படம். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலையைவிட நல்ல சோதனைக்களம் இல்லை. ஒரே காலையில் பயணத்தின் எல்லாச் சிக்கலும் அங்கே இருக்கிறது. கீழே நின்று 42.7 மீட்டர் முருகன் சிலையை முழுதாக அடக்கப் பாருங்கள்: லென்ஸின் அகலம் போதுமா என்று அப்போதே தெரியும். பின் 272 படியையும் கேமராவோடு ஏறுங்கள். மேலே போகும்போது தோள் வலித்தால் அந்தக் கேமரா உங்களுக்குக் கனம். குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், பையின் ஜிப் மூடியிருக்கட்டும்.

குகைக்குள் நுழைந்ததும் ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்கான உணர்திறனை) ஆட்டோவில் வைத்து, உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று அமைத்து, நடந்து வரும் ஒருவரை எடுங்கள். கேமரா 6400ஐத் தொட்டும் படம் இருண்டிருந்தால் லென்ஸின் திறப்பு போதவில்லை. கூரையின் திறப்பிலிருந்து ஒளி விழும் இடத்தில் நிற்பவரை எடுத்து, முகம் கறுத்துப் போகிறதா, வானம் வெளுத்துப் போகிறதா என்று பார்த்து, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் டயலைத் திருப்பிப் பழகுங்கள். அந்த டயல் பைக்குள் உரசித் தானாகத் திரும்பிவிடும். நாள் முழுக்க எல்லாப் படமும் இருட்டாக வருவதற்கு இதுவே முதல் காரணம். கேமராவை எடுத்ததும் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது கைப்பழக்கமாக வேண்டும்.

பினாங்கில் தண்ணீர்மலைப் படிகளும், மாலை ஏழரைக்கு மேல் லெபோ பாசார் லிட்டில் இந்தியாவின் விளக்கு வெளிச்சமும் இதே வேலையைச் செய்யும்.

கடலுக்கடியில் எடுக்க?

ஓஎம் டஃப் டிஜி-7, 15 மீட்டர் வரை தனியே தாங்கும். கோப்ரோ ஹீரோ 13, 10 மீட்டர். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் பேட்டரி மூடியின் ரப்பரில் ஒட்டிய ஒரு தலைமுடியால் அல்லது மணல் துகளால். மூடுமுன் ரப்பரைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

பிலிம் கேமரா எடுத்துப் போகலாமா?

போகலாம். பிலிமைச் சரக்கில் போடும் பெட்டியில் போடாதீர்கள், விமான நிலையச் சோதனையில் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்குள்ள புதிய சிடி (எக்ஸ்ரே) ஸ்கேனர் வேகம் குறைந்த, அதாவது ஐ.எஸ்.ஓ. எண் சிறிய பிலிமையும் கெடுக்கும்.

கைப்பேசிப் படங்களும் கேமராப் படங்களும் வரிசை மாறிக் கலந்துவிடுகின்றனவே?

கைப்பேசி விமானம் இறங்கியதும் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும், கேமரா மாற்றாது. இந்தியாவில் இறங்கினால் இரண்டரை மணி நேர வித்தியாசம். காலை அபிஷேகம் எடுத்த படம் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் போய் நிற்கும். மெனுவில் கடிகாரத்தைத் தொடாமல் நேர மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள். மறந்துவிட்டால், ஒரே கடிகாரத்தைக் கேமராவிலும் கைப்பேசியிலும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். எவ்வளவு தள்ள வேண்டும் என்று வீடு வந்து கணக்குப் போடலாம்.

தொலைந்துவிட்டால்?

அந்த ஊர்க் காவல் நிலையத்தில் அன்றே புகார் எழுதி நகல் வாங்குங்கள். அது இல்லாமல் பயணக் காப்புறுதி நகராது. ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்ற வரம்பையும், கவனிக்காமல் விட்ட பொருளுக்கு உண்டா என்பதையும் புறப்படுமுன் படித்துவிடுங்கள். வாங்கிய ரசீதையும் பாடியின் வரிசை எண்ணையும் கைப்பேசியில் படமாக வைத்திருங்கள். எண்ணைக் குறிக்க மறந்திருந்தால், அதே கேமராவில் முன்பு எடுத்த ஏதாவது ஒரு படக் கோப்பின் விவரங்களைத் திறந்து பாருங்கள். பல கேமராக்கள் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண்ணை எழுதி வைக்கின்றன.